பொன்னாடையும் பிடரிக் கோணமும்: ஒரு முன்னோடி ஆய்வு

தமிழ்நாட்டில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாத பொருள் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனாலும், வாய்மொழித் தேர்வு முடிந்து ‘முனைவர்’ ஆன அடுத்த நிமிடமே அந்த ஆய்வாளரின் தோளில் வந்து விழுகிறதே, அந்தத் துணியை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட புண்ணியவான் யாரும் என் கண்ணில் படவில்லை. நெறியாளர் தோளில் ஒன்று, புறத்தேர்வாளர் தோளில் ஒன்று, துறைத் தலைவர் தோளில் ஒன்று என்று ஆய்வுலகம் முழுவதையும் போர்த்திக்கொண்டிருக்கும் பொருள் அது. மூக்குக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பார்வைக்குத் தப்பியிருக்கலாம். அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை முனைகிறது.

முதலில் வரையறை. பொன்னாடை என்பது, ஒருவர் தோளில் இன்னொருவரால், மூன்றாமவர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது போடப்படும் ஜரிகைத் துணி. முதல் இருவர் ஆள் மாறலாம். பெறவேண்டியவர் ஊரில் இல்லாவிட்டால் அவர் சார்பில் மைத்துனர் வாங்கிக்கொள்வார். போடவேண்டியவருக்கு வேறு கூட்டம் இருந்தால் மாவட்டத் துணைச் செயலாளர் போடுவார். மூன்றாமவர் இல்லாவிட்டால் மட்டும் காரியம் நடக்காது. “அண்ணே, ஃபிளாஷ் அடிக்கல, இன்னொருவாட்டி போடுங்க” என்று புகைப்படக்காரர் சொன்னால், போட்டதை எடுத்து, உதறி, மறுபடியும் போடுவார்கள். பெறுபவரும் முதல் தடவை போலவே மறுபடியும் வியப்படைவார். இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு: பொன்னாடை எங்கே விழவேண்டும் என்பதைத் தோள் தீர்மானிப்பதில்லை.

பொருளின் இயல்பு

ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட மாதிரி, மொத்த ஜவுளிக் கடையில் கட்டாக விற்கப்படும் வகையைச் சேர்ந்தது. மொடமொடக்கும் பிளாஸ்டிக் உறை. உள்ளே மடிப்பு கலையாமலிருக்க ஓர் அட்டை. அட்டையோடு துணியைச் சேர்த்துக் குத்திய ஒரு குண்டூசி. மேடையில் அவசரமாக உறையைப் பிரிக்கும்போது இந்த மூன்றில் ஏதாவது ஒன்று துணியோடு சேர்ந்து பெரியவரின் தோளுக்குப் போய்விடுவதுண்டு. நன்றியுரை முடியும்வரை அவர் அடிக்கடி பிடரியைத் தடவிக்கொண்டிருந்தால், அது நெகிழ்ச்சியினால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

துணி பாலியெஸ்டர். கரையில் தங்க நிறத்தில் ஓடும் இழை கழுத்தில் அரிக்கும். போர்த்தினால் வியர்க்கும். வியர்த்ததைத் துடைத்தால் உறிஞ்சாது. தோளில் நிற்காமல் வழுக்கும். அதனால் பெறுபவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் கும்பிடவேண்டியிருக்கிறது. ஒரு கைக் கும்பிடு என்னும் தமிழ் மேடை வணக்கத்தின் தோற்றம் இதுவாகவே இருக்கவேண்டும் என்பது என் துணிபு.

உடுத்தவும் முடியாமல், துவட்டவும் முடியாமல், விரிக்கவும் முடியாமல் ஒரு துணியை நெய்வது எளிதான வேலையல்ல. இந்தக் குறையை உணர்ந்த சிலர் கைத்தறித் துண்டைக் கொண்டுவந்து ‘பயனாடை’ என்று பெயரிட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் பயனாடை போடும்போது ஒலிபெருக்கியில் ‘பயனாடை’ என்பதைத் தனியாக ஓர் அழுத்தம் கொடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. எளிமையையும் யாராவது அறிவித்தால்தான் சபைக்குத் தெரிகிறது.

இலக்கியச் சான்றுகள்

தமிழ் ஆய்வுக் கட்டுரை எதுவாயினும் சங்க இலக்கியத்தில் கால் நனைத்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். நம் பொருளுக்கு அது வெறும் சடங்கல்ல. ஆதாரமே அங்கேதான் இருக்கிறது.

தமிழில் பதிவான முதல் பெரும் பொன்னாடை நிகழ்ச்சி பழனி மலைப் பக்கத்தில் நடந்தது. போர்த்தியவர் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவர். பெற்றது ஒரு மயில். அது குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது நம் பள்ளிப் பாடம். பரணரோ இன்னும் நுட்பமான சாட்சி. மயில் அதை உடுத்திக்கொள்ளாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் என்கிறார் அவர் (புறநானூறு 141). பெறுபவருக்குப் பயன்படாது என்று கொடுப்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும் என்கிற விதி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழையது என்பது இதனால் நிறுவப்படுகிறது.

இரண்டு வேறுபாடுகளையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. பேகன் கொடுத்தது அவன் மேலிருந்த சொந்தப் போர்வை. பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்ததல்ல. மயிலும் “எதுக்குங்க இதெல்லாம்?” என்று கேட்கவில்லை.

மயில் கதையை நம் பாடப்புத்தகங்கள் அத்தோடு நிறுத்திவிடும். புறநானூறு நிறுத்தவில்லை. மயிலுக்கு இரங்கிய அந்த வள்ளல் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் போயிருந்தான். (சிலம்பின் கண்ணகி வேறு, பெயர்ப் பொருத்தம்தான் நெருடுகிறது.) கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் வரிசையாகப் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அவளிடம் போய்ச் சேர் என்று பாடியிருக்கிறார்கள். மரியாதைச் செலவைப் பற்றித் தமிழில் எழுந்த முதல் தணிக்கை அறிக்கை என்று இந்தப் பாட்டுகளைக் கொள்ளலாம். தணிக்கையாளர் நால்வருமே பரிசிலை நம்பிப் பிழைத்தவர்கள். இன்றைக்குப் பாராட்டு விழா மேடையில் உட்கார்ந்துகொண்டு, “ஐயா, முதலில் உங்கள் அலுவலக வாட்ச்மேனுக்குச் சம்பள பாக்கியைக் கொடுங்கள்” என்று சொல்லும் வாழ்த்துரையாளரை நான் பார்த்ததில்லை.

அடுத்த சான்று தட்பவெப்பம் தொடர்பானது. மோசிகீரனார் என்ற புலவர் சேரன் அரண்மனைக்கு வந்து, களைப்பில், முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு நீராட்டுக்குப் போயிருந்த நேரம். அந்தக் கட்டிலில் ஏறினால் வாளுக்கு இரையாகவேண்டியதுதான். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வெட்டவில்லை, நின்று விசிறினான். புலவர் கண் விழித்ததும் செய்த பாட்டு புறநானூற்றில் ஐம்பதாவது.

இதில் கவனிக்கவேண்டியவை பல. விசிறியபோது பெறுபவர் தூக்கத்தில் இருந்தார். ஆகவே பணிவு காட்ட வாய்ப்பில்லை. சபை கூடியிருந்ததாகப் பாட்டில் இல்லை. செலவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஊர் வெயிலில் களைத்து வந்தவனுக்கு என்ன வேண்டும் என்பது அரசனுக்குத் தெரிந்திருந்தது. அவன் விசிறினான், நாம் அக்கினி நட்சத்திரத்தில், மின்விசிறி எட்டாத மேடையில், எழுபது வயதுக் கவிஞருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பாலியெஸ்டர் போர்த்துகிறோம்.

மூன்றாவது சாட்சி சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். இவரைப் பொன்னாடைக் குழுக்கள் தங்கள் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவதில்லை, காரணம் தெளிவு. அதியமானிடம் பரிசில் பெறப் போனார். அதியமானுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, ஆளைப் பார்க்காமலேயே பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். புலவர் வாங்கவில்லை. என்னை நேரில் காணாமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் பரிசில் வியாபாரி அல்ல. என் அளவறிந்து, விரும்பிக் கொடுத்தால் தினையளவு போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் (புறநானூறு 208). இன்னோர் இடத்தில் இளவெளிமான் என்ற சிற்றரசன் குறைத்துக் கொடுத்ததை உதறிவிட்டு, வள்ளல் குமணனிடம் யானை வாங்கிவந்து அதை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு வந்தவர் அவர். பரிசில் வாழ்க்கையில் இதைவிடச் சத்தமான பதில் கிடையாது.

அவர் கேட்டது இரண்டு: ஆளைப் பார், அளவை அறி. இந்த இரண்டும்தான் மரியாதையில் செலவு பிடிக்கும் பகுதி. ஒருவர் எழுதிய பன்னிரண்டு புத்தகங்களைப் படிக்க நாள் கணக்கில் ஆகும். ஒரு நாட்டுப்புறக் கலைஞரின் ஆட்டத்தை விடியவிடிய உட்கார்ந்து பார்த்தால்தான் அவர் எங்கே நின்று எங்கே திரும்புகிறார் என்பது பிடிபடும். பொன்னாடைக்கு இது எதுவும் தேவையில்லை. கையில் துண்டுச்சீட்டு இருந்தால் போதும். மேடைக்குக் கீழே நின்று தொகுப்பாளர் “ஐயா, உங்க இனிஷியல் என்னங்க?” என்று கேட்டுக்கொண்டு மேலே ஏறி, “அறிமுகம் தேவைப்படாத ஆளுமை” என்று ஆரம்பிப்பதை யாரும் எந்த ஊரிலும் காணலாம். பார்ப்பதற்கு ஆகிற செலவை மிச்சம் பிடிக்கத்தான் போர்த்துகிறோம் என்பது இந்த ஆய்வின் மையக் கருதுகோள்.

பிடரிக் கோணம்

இனி இந்த ஆய்வின் புதிய பங்களிப்பு. பொன்னாடை விழும் கணத்தில் பெறுபவரின் பிடரி முன்புறமாக எவ்வளவு சாய்கிறது என்பதே பணிவின் அளவு என்று உலகம் கருதுகிறது. இதைப் பிடரிக் கோணம் என்று குறிப்போம்.

கள ஆய்வு கல்யாண மண்டபங்கள், நூலக வாசகர் வட்டங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் ஆகியவற்றின் கடைசி வரிசைகளிலிருந்து மேற்கொள்ளப்பட்டது. அங்கே உட்கார்ந்தால் மிக்சர் தட்டு வருவதற்குள் காலியாகிவிடும். பிடரிகள் நன்றாகத் தெரியும்.

முதலில் கண்டது: வாயும் கையும் ஒன்று சொல்லும்போது பிடரி வேறொன்று சொல்கிறது. “வேண்டாம்பா, வேண்டாம்பா, எனக்கெதுக்கு?” என்று வாய் சொல்லும். வலது கை தடுக்கும். அதே நேரத்தில் பிடரி ஏற்கெனவே சாயத் தொடங்கியிருக்கும். மூன்றில் பிடரிதான் கேமரா எந்தப் பக்கம் என்பதை அறிந்திருப்பது. சாய்ந்தாலும் முகம் மறையாத அந்தக் கோணம் ஒரே நாளில் வருவதில்லை. பொது வாழ்வில் பல ஆண்டு தேறியவர்களுக்கே அது கைகூடுகிறது. புதியவர்கள் முழுதாகக் குனிந்துவிட, மறுநாள் செய்தித்தாளில் வழுக்கை மட்டும் வரும்.

அடுத்து, கடைசி வரிசைப் பணிவு. இவர் மேடைக்கு வரமாட்டார். “நான் இங்கேயே உக்காந்துக்கிறேன், நீங்க நடத்துங்க” என்பார். ஆனால் அவர் உட்காரும் இடம் மேடையிலிருந்து நேர்ப்பார்வையில் படும் நடைபாதை ஓரத்து நாற்காலி. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவரை நான் கண்டதில்லை. “பெரியவர் அங்கே அமர்ந்திருக்கிறார், அவருடைய எளிமைக்கு…” என்று ஒலிபெருக்கி ஆரம்பிக்கும்போது சபை மொத்தமும் திரும்பும். மேடையில் ஏழாவது நாற்காலியில் இருந்தால் கிடைக்கிற கவனத்தைவிட இது பல மடங்கு. நாற்காலி வாடகையும் ஒன்று மிச்சம்.

போட்ட உடனே பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலிக் கையில் தொங்கவிடுபவர்கள் ஒரு வகை. அதைப் போட்டவருக்கே திருப்பிப் போர்த்திவிடுகிறவர்கள் இன்னொரு வகை. எதிர்த்தாக்குதல் என்று இதைப் போர் நூல்கள் சொல்லும். தன் பொன்னாடையை மைக்செட் பையனுக்குப் போர்த்திவிடும் தலைவரும் உண்டு. மைக்செட் பையன் மேடைக்கு வந்ததும் படம் எடுக்கப்படும். படம் வந்ததும் தலைவரின் பெருந்தன்மை பாராட்டப்படும். பையன் பெயர் படத்தின் கீழே இராது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு மரியாதை வந்தது வேறொருவர்மேல். பொன்னாடை போட்டதும் நேராக நின்று, இரண்டு பக்க நுனியையும் சமமாக இழுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை அதைக் கழற்றாமல், சாம்பார் சாதம் சாப்பிடும்போதும் தோளில் வைத்திருந்தார். “அவருக்கு ரொம்ப ஆசைப்பா” என்று பக்கத்தில் ஒருவர் கிசுகிசுத்தார். ஆசைதான். அதை மறைக்கக் கழுத்தை வளைக்கவில்லை அவர்.

செலவுக் கணக்கு

சங்கக் கணக்கு நோட்டில் பொன்னாடைக்குத் தனிப் பத்தி கிடையாது. ‘விழாச் செலவு’, ‘இதர செலவு’ இரண்டுக்கும் நடுவில் அது கரைந்திருக்கும். மண்டப வாடகை, மைக்செட், அழைப்பிதழ், கேடயம், தேநீர் என்று போகிற வரிசையில் தனித்தனியாகப் பார்த்தால் பொன்னாடைதான் மலிவு. அதனால்தான் அது பெருகுகிறது. தலைவருக்கு ஒன்று வாங்கப் போய், “அவருக்குப் போட்டுட்டு இவருக்குப் போடாம விட்டா நல்லாருக்காது” என்ற பொருளாதார விதியின்படி, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என எல்லாருக்கும் ஒவ்வொன்று வாங்கவேண்டியதாகிறது. கடைசியில் பொன்னாடை இல்லாமல் மண்டபத்தை விட்டு வெளியேறுபவர் பந்தியில் இலை எடுத்தவர் மட்டும்தான்.

தகுதி என்கிற கேள்விக்கு வருவோம். யாருக்குப் போர்த்தலாம்? அறுபது வயது நிறைந்தவர், ஓய்வு பெற்றவர், புதிதாகப் பதவிக்கு வந்தவர், நன்கொடை கொடுத்தவர் ஆகியோர் தகுதியுடையவர் என்பது வழக்கு. முதல் இருவரும் காலம் கடந்ததற்காக மதிக்கப்படுகிறார்கள். காலம் எல்லோருக்கும் கடக்கிறது என்று யாரும் அங்கே எழுந்து சொல்வதில்லை. நன்கொடையாளர் விஷயம்தான் சுவையானது. அவர் கொடுத்த பணத்தில்தான் அவருக்கான பொன்னாடை வாங்கப்படுகிறது. மீதிப் பணத்தில் மற்றவர்களுக்கு. இந்த விழாவில் தன் பொன்னாடைக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டுப் போர்த்திக்கொள்பவர் அவர் ஒருவரே என்பதால், கணக்கு நேர்மையை மட்டும் வைத்துப் பார்த்தால் முழுத் தகுதி அவருக்குத்தான்.

எழுத்தாளர்களின் நிலை இதற்கு நேர் எதிர். வெளியூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து ஒரு மணி நேரம் பேசுவார். பொன்னாடை, கேடயம், சந்தன மாலை எல்லாம் கிடைக்கும். திரும்பிப் போகும் டிக்கெட் காசைப் பற்றிப் பேச்செடுக்க இரு தரப்புக்கும் கூச்சம். கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே போகிற எழுத்தாளர் தமிழ்நாட்டுச் சாலைகளில் எப்போதும் உண்டு.

பாரதிக்கு இந்தக் கூச்சம் இல்லை. 1919இல் கடையத்தில் கையில் காசில்லாமல் இருந்தபோது எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். என் கவிதையைக் கேட்டு, ஜயப்பறை சாற்றி, சால்வைகளும் பொற்பைகளும் ஜதி பல்லக்கும் பரிவாரமும் தரவேண்டும் என்று பட்டியலே போட்டுக் கேட்டார். பட்டியலில் சால்வை இருக்கிறது; அதற்கடுத்தபடி பொற்பையும் இருக்கிறது. சால்வையை மட்டும் போர்த்தி அனுப்பிவிடுவார்கள் என்ற முன்னெச்சரிக்கை அந்த வரிசையில் தெரிகிறது. பிடரிக் கோணம் என்று பார்த்தால் அந்தப் பாட்டு மேல்நோக்கி நிமிர்ந்தது. எட்டயபுரத்திலிருந்து இரண்டுமே வரவில்லை.

புதுமைப்பித்தன் வேறு வழியைப் பார்த்தார். தான் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், கல்லில் வடித்து வைக்க வேண்டாம் என்று உயிரோடிருக்கும்போதே கேலியாகப் பாடிவைத்தார். 1948இல் திருவனந்தபுரத்தில் காசநோயில் போனார். அதன் பிறகு நண்பர்களும் வாசகர்களும் நிதி திரட்டித்தான் அவர் குடும்பத்துக்கு உதவினார்கள். திரட்டியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் செய்தது நல்ல காரியம். பாடியவர் சொன்னதும் சரிதான். நிதி கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் பாட்டு வேண்டியிருந்திருக்காது.

இந்தத் துறையின் பொருளாதார மேதை பெரியார். மாலையும் சால்வையும் எதற்கு, அதற்கு ஆகிற காசைக் கையில் கொடு என்று மேடையிலேயே கேட்டவர். அவரோடு படம் எடுத்துக்கொள்ளவும் கட்டணம் உண்டு. அவருடைய கஞ்சத்தனத்துக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். நான் இதைக் கணிதமாகவே பார்க்கிறேன். மாலையின் விலை மாலை போட்ட மறு நிமிடம் பூஜ்யம். காசின் விலை அப்படியே இருக்கிறது, இயக்கத்துக்குப் போகிறது. படம் வேண்டும் என்பது போடுபவரின் தேவை என்று கண்டுகொண்டு, தேவை உள்ளவரிடமே கட்டணம் வாங்கியவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

2017இல் தி.மு.க. செயல் தலைவராக வந்த மு.க. ஸ்டாலின், பொன்னாடை, பூங்கொத்துக்குப் பதிலாகப் புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். வந்த புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. பதிப்பாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன்: படத்தில் புத்தகத்தின் அட்டை கேமராவைப் பார்க்கிறது, கொடுப்பவரும் கேமராவைப் பார்க்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவரும் பார்க்காமலே புத்தகம் கை மாற முடிகிறது என்றால், அது பொன்னாடையின் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் பொருள்.

பிளெக்ஸ் பேனர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்கு வரும் பெரிய மனிதர்களை வரவேற்கச் சாலை நடுவில் கட்டிய பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம்பெண்மேல் விழுந்தது; பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்துபோனார். அந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. அதை எழுத இந்தக் கட்டுரையின் தொனியும் உதவாது.

கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு தரவு

ஓர் ஊராட்சிப் பள்ளி ஆண்டு விழா. சத்துணவுச் சமையலர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அழைப்பிதழில் பெயர் இல்லை; கடைசி நேரத்தில் தலைமையாசிரியை ஒரு பொன்னாடையை மிச்சம் பிடித்திருந்தார். அம்மா சமையல்கூடத்திலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலைமையாசிரியை போர்த்த வந்தபோது பிடரி சாயவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல் நேராக நின்று, துணியை இரண்டு கையாலும் வாங்கி, விரித்து, கரையைத் திருப்பிப் பார்த்தார். “டீச்சர், இது சாயம் போகுமா?” என்று கேட்டார். பிறகு தானே போர்த்திக்கொண்டார். புகைப்படக்காரர் அதற்குள் சட்டமன்ற உறுப்பினரை வழியனுப்பப் போயிருந்தார்.

அப்போது பிள்ளைகள் போட்ட சத்தம் அன்றைய விழாவில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் பொன்னாடையைப் பார்க்கவில்லை. முட்டை போடுகிற நாளில் கேட்டால் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிற கையைப் பார்த்துக் கத்தினார்கள். பல வருடமாக மதியம் மதியம் பார்த்த கை.

பிடரிக் கோணம் பூஜ்யம். படமும் இல்லை. என் வரையறையின்படி இது பொன்னாடை நிகழ்ச்சியே அல்ல. இத்தகைய தரவைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது ஆய்வுலக வழக்கம். நானும் அடிக்குறிப்பில் தள்ளலாம் என்றுதான் பார்த்தேன். அடிக்குறிப்பில் அந்த அம்மா அடங்கவில்லை.

பிற்கால வாழ்வு

விழா முடிந்தபின் பொன்னாடை என்ன ஆகிறது? வீட்டுக்கு வந்ததும் அது இல்லத்தரசியின் அதிகாரத்துக்குள் போகிறது. “இதைக் கொண்டாந்து எங்க வைக்கிறது?” என்ற வரவேற்புரையோடு பீரோ மேல்தட்டுக்கு ஏறும். அங்கிருந்து ஃபிரிட்ஜ் மேல், டி.வி. மேல், தையல் மெஷின் மேல். நவராத்திரியில் கொலுப்படிக்கு விரிக்கப்படும்போது அது முதன்முதலாகத் தகுதியான பொம்மைகளைச் சந்திக்கிறது. உறை பிரியாதவை சுழற்சிக்குத் திரும்பும். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் தோள். இந்தச் சுழற்சியில் ஓர் அபாயம் உண்டு: உறைக்குள் பழைய துண்டுச்சீட்டு கிடந்து, போன மாதம் ‘அன்புடன்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவருக்கே அதே பொன்னாடை அதே சீட்டோடு திரும்பிப் போர்த்தப்படலாம். நடந்திருக்கிறது. இருவரும் சிரித்துக்கொண்டே படத்துக்கு நின்றார்கள்.

பரிந்துரை

ஆய்வு என்றால் பரிந்துரை வேண்டும். பெருஞ்சேரல் இரும்பொறையின் முன்னுதாரணத்தைப் பின்பற்றி, பொன்னாடைக்குப் பதிலாகப் பெறுபவருக்கு மேடையில் பனையோலை விசிறியால் சற்று நேரம் விசிறலாம் என்று எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் முன்மொழிந்தேன். செலவு குறைவு, காற்று நிச்சயம், ஒரே விசிறியைப் பல விழாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற காரணங்களையும் எடுத்துரைத்தேன். குழு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. விசிறினால் படம் ஆடிவிடுமே என்று செயலாளர் கேட்டார். விசிறாமல் விசிறியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று பொருளாளர் அதற்கு வழி சொன்னார். விசிறியில் ஜரிகை வைத்துத் தைக்கலாமா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இப்போது சிக்கல் வேறிடத்தில். முதலில் யார் விசிறுவது என்பதில் துணைத் தலைவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விசிறுவோர் பட்டியலில் பெயர் விடுபட்டதாகப் புரவலர் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்த நாளை மாலை அவர் வீட்டுக்குப் போகிறோம். வெறுங்கையோடு போனால் நன்றாயிராது என்று செயலாளர் கடையில் ஒரு பொன்னாடை சொல்லிவைத்திருக்கிறார்.